‘ஏரி கரை தாங்குமா சார்?’: சின்ன மண் அணையின் ஆபத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் டீக்கடைப் பேச்சு ஏரிக்குத் திரும்பிவிடும். “செம்பரம்பாக்கத்துல எத்தனை அடி?” என்று கேட்பார்கள். 2015 டிசம்பர் தந்த பழக்கம் அது. அப்போது அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். கரை உடையவில்லை. திறந்த நீரும், வழியில் சேர்ந்த மற்ற நீரும் சேர்ந்தே அடையாற்றங்கரையை மூழ்கடித்தன.

அடிக்கணக்கை மட்டும் பார்த்தால் செம்பரம்பாக்கம் சின்னதுதான். முழு ஆழம் 24 அடி, அதாவது சுமார் 7.3 மீட்டர். கொள்ளளவோ 3,645 மில்லியன் கன அடி, ஏறக்குறைய 10 கோடி கன மீட்டர். உபரிநீர்ப் போக்கியின் திறனை முடிவு செய்ய உதவும் ஐ.எஸ். 11223 என்ற இந்தியத் தர நிர்ணயம் நீர்மட்ட உயரம், கொள்ளளவு இரண்டையும் பார்த்து, எது பெரிய வகையைக் காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 6 கோடி கன மீட்டரைத் தாண்டினால் ‘பெரிய அணை’. சிறிய வகை அணைக்கு நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் கணக்கு. கீழே ஆபத்து மிக அதிகம் என்றால் அதைவிடப் பெரிய வெள்ளத்துக்குத் தயாராக வேண்டும்.

ஆபத்து வகைப்பாடு இதிலிருந்து வேறு. கரை இன்று நல்லா இருக்கா, இல்லையா என்பது அதன் கேள்வியே இல்லை. உடைந்தால் கீழே யார், என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ஒரு உயிர் போக வாய்ப்பிருந்தாலும் ‘உயர் ஆபத்து’. வயலை மட்டும் நனைக்கும் அணை ‘குறைந்த ஆபத்து’. அந்த வயலில் வீட்டுமனை போட்டால், கரையில் ஒரு கைப்பிடி மண்கூட அசையாமலே வகை மாறிவிடும். அம்பத்தூர் ஏரி நிரம்பிக் கொரட்டூருக்குப் போகும் பாதையில் இப்போது எத்தனை தெருக்கள் இருக்கின்றன!

மாறாமல் விட்டால் என்ன ஆகும்? ஹவாயின் கவாய் தீவில் கரும்புத் தோட்டப் பாசனத்துக்காகக் கட்டிய காலோகோ என்ற தனியார் மண் அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பதிவேட்டில் அது ‘குறைந்த ஆபத்து’. உபரிநீர் வெளியேறும் வழியை மண் போட்டு மூடியிருந்ததாக விசாரணை சொன்னது. நம்மூர் வார்த்தையில், கலங்கலை அடைத்துவிட்டார்கள்.

மண் கரைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் அது அதிக நேரம் நிற்காது. கரைக்குள் எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் விட்ட ஓட்டை வழியே அரிப்பது இன்னொரு வழி. கரையடியில் தெளிவான கசிவு என்றால் கவனிக்கலாம். கலங்கலான கசிவு என்றால் உள்ளே மண் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம்.

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, தனியார் நிறுவனத்தையும் ‘உரிமையாளர்’ கணக்கில் சேர்க்கிறது. ஆனால் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்குமே அது பொருந்தும். 5 மீட்டர் கரையை யார் கட்டினாலும் அந்தச் சட்டத்தின் ஆய்வு வராது.

தமிழகத்தில் தனியார் ஏரி அரிது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன் ஏரிகள் அரசுக்கு வந்தன. இப்போது பெரியவை நீர்வளத் துறையிடம், சிறியவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்திடம். தோட்டத்திலோ ஆலை வளாகத்திலோ தண்ணீர் தேக்கிக் கட்டிய கரைகள்தான் சிக்கல்: அவற்றுக்கு வகையும் கிடையாது, வருடாந்திரச் சோதனையும் கிடையாது. ஆபத்து என்று தெரிந்தால் தலையிடும் அதிகாரம், 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்துக்கு உண்டு. கரையில் கலங்கல் கசிவோ, புதுப் பள்ளமோ, விரிசலோ தெரிந்தால் 1077-ல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லலாம்.