நீல வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம்

கண்டியிலிருந்து பஸ் ஏறினால் ஆறு கிலோமீற்றர்தான், பேராதனை பல் போதனா வைத்தியசாலை வந்துவிடும். ஹட்டன், நாவலப்பிட்டி, மாத்தளை என்று எங்கிருந்தெல்லாமோ கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்திறங்கும் சனத்துக்கு ஒரே ஒரு வேண்டுதல்: இந்தக் குத்து நின்றால் போதும்! நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபிறகு நம் கண்ணுக்குத் தெரிவது தலைக்கு மேலிருக்கும் விளக்கு மட்டும். அந்த விளக்குக்கு அந்தப் பக்கம் என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா? வாருங்கள், எட்டிப் பார்த்துவிடுவோம்.

சூத்தையைச் சுரண்டி எடுத்ததும் ஒரு குட்டிப் போத்தல் வெளியே வரும். வெளிச்சம் புகாத பிளாஸ்டிக். அதிலிருந்து ஒரே ஒரு சொட்டு, சின்னக் குழித்தட்டில் விழும். உடனே மூடியைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் அசிட்டோனோ அற்ககோலோ பறந்துவிடும். நுனியில் மெல்லிய மயிர் ஒட்டிய தூரிகையால் அதைத் தொட்டுப் பல்லின் குழிக்குள் தேய்ப்பார்கள். மெல்லக் காற்று ஊதுவார்கள். பிறகு அந்த நீல வெளிச்சம், பத்து இருபது விநாடி. அந்தச் சொட்டுக்குப் பெயர்தான் பொண்ட்! பல் நிறத்துக் கொம்போசிட் அடைப்பு பல்லோடு ஒட்டி நிற்பது இந்தச் சொட்டின் தயவில்தான்.

இனித்தான் விஷயமே இருக்கிறது. அந்தச் சொட்டைப் பச்சையாக உயிருள்ள கலங்களின் மேல் விட்டால் அவை செத்துப்போகும்!

காரணம் அதிலிருக்கும் சின்னஞ்சிறு மூலக்கூறுகள். பெரும்பாலான பொண்டுகளில் இருக்கும் ஹேமா என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோடு நன்றாகச் சேரும், அளவிலும் சிறியது. எனவே கலத்துக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். புகுந்ததும் கலத்தின் காவல்காரனான குளுட்டதயோனைத் தீர்த்துவிடுகிறது. காவல் போனதும் ஒட்சிசனின் தீவிர வடிவங்கள் பெருகி, மரபணு வரை கைவைக்கின்றன. ஜேர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கொட்ஃப்ரீட் ஷ்மால்ட்ஸும் அவரது சகாக்களும் இதைப் பல ஆண்டுகள் துருவித் துருவிப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு பொருள் கலங்களைக் கொல்லுமா என்று பார்க்கும் சோதனை நடக்கும் அறைக்குள் ஒருமுறை நுழைந்தால் வெளியே வர மனம் வராது. 96 குழிகள் கொண்ட உள்ளங்கையளவுத் தட்டு. ஒவ்வொரு குழியிலும் உயிருள்ள கலங்கள். பல ஆய்வுகூடங்களில் அவை எல்929 என்ற எலிக் கலங்கள். 1948இல் ஒரேயொரு கலத்திலிருந்து பெருக்கப்பட்ட வம்சம், இன்னும் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கிறது! பொண்ட் ஊறிய திரவத்தை அவற்றின் மேல் விட்டு, ஒரு நாள் கழித்து மஞ்சள் நிறக் கரைசல் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிரோடிருக்கும் கலம் அந்த மஞ்சளை ஊதா நிறப் பளிங்குகளாக மாற்றிவிடும். செத்த கலத்தால் முடியாது. சில மணி நேரத்தில் தட்டைப் பார்த்தால் ஒரு குழி கடும் ஊதா, பக்கத்துக் குழி வெளிர், அதற்கடுத்தது வெறும் மஞ்சள். எத்தனை கலம் பிழைத்தது என்று நிறமே சொல்லிவிடுகிறது! 1983இல் மொஸ்மான் என்பவர் வெளியிட்ட முறை இது. உயிர்ப்பு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்தப் பொருள் கலங்களுக்கு நஞ்சு என்பது சர்வதேசத் தர விதி.

அப்படியானால் நம் வாய்க்குள் அதை ஏன் விடுகிறார்கள்? நடுவில் டென்டின் நிற்கிறது! எனாமலுக்கு அடியில், பல்லின் உயிர்ப்பகுதியான பற்கூழைச் சுற்றி நிற்கும் அந்த மஞ்சள் சுவர் கல்போன்ற திண்மம் அல்ல. இடியப்ப உரலின் அச்சைப்போல முழுக்கத் துளை. பற்கூழுக்கு அருகே ஒரு சதுர மில்லிமீற்றரில் சுமார் 45,000 துளைகள். எனாமல் பக்கம் சுமார் 20,000. ஆழம் போகப்போகத் துளை கூடும், அகலமும் கூடும். ஆனாலும் அரை மில்லிமீற்றர் டென்டின் மிஞ்சியிருந்தால் நச்சுத் தாக்கம் முக்கால்வாசி குறையும், ஒரு மில்லிமீற்றர் இருந்தால் பத்தில் ஒன்பது பங்கு குறையும் என்பது பல் மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. பற்கூழும் சும்மா இருப்பதில்லை. துளைகள் வழியே தன் திரவத்தை வெளிநோக்கித் தள்ளி, வருவதை எதிர்த்து நிற்கிறது. ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும் கலங்கள் உட்புறமாகப் புதிய டென்டினையும் எழுப்புகின்றன. எவ்வளவு சமர்த்து!

அடுத்த காவல் அந்த நீல ஒளி. அது பட்டதும் சின்ன மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாகிவிடும்; சங்கிலியானது கலத்துக்குள் நுழையாது. எல்லாமே கோத்துக்கொள்ளும் என்றில்லை, கொஞ்சம் மிச்சம் நிற்கும். ஒளி சரியாக விழாவிட்டால் அந்த மிச்சம் கூடும். ஆகவே, அந்த விநாடிகளில் வாயை மூடாதீர்கள், தலையைத் திருப்பாதீர்கள்!

பேராதனையில் இந்தப் பொண்டின் கதையைச் சொல்லும்போது ஒரு தனிச் சந்தோஷம். இந்த வைத்தியசாலைக் கட்டடம் 1998இல் ஜப்பானின் உதவியோடு எழுந்தது. பொண்ட் டென்டினுக்குள் ஊறி, இரண்டும் கலந்த ஒரு படலமாகிறது என்று 1982இல் காட்டிய நாகபயாஷியும் ஜப்பானியர்தான்.

நடுவில் நிற்கும் அந்த டென்டின் சுவர் இல்லாமலே போனால்? 1990களில் சிலர் குரங்குப் பற்களில், திறந்த பற்கூழின் மேலேயே பொண்டை விட்டுப் பார்த்தார்கள். ஆறியது! உற்சாகம் கரைபுரண்டது. 1999இல் பிரேசிலில் ஹெப்லிங், ஜீரோ, கொஸ்டா மூவரும் அதையே மனிதப் பற்களில் செய்து பார்த்தார்கள். அழற்சி ஆறவேயில்லை. பக்கத்தில் பழைய கல்சியம் ஐதரொட்சைட்டு வைத்த பற்களோ புதிய டென்டின் பாலம் கட்டியிருந்தன. குரங்கில் கிடைத்த வெற்றியை மனிதனுக்கு அப்படியே எழுதிவிட முடியாது என்று அடித்துச் சொன்ன ஆய்வு அது. அந்த மூவருக்கும் கைகூப்ப வேண்டும்.

நாற்காலியின் மறுபக்கம் நிற்பவர்களை மறந்துவிடக் கூடாது. ஹேமா சாதாரண இறப்பர் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். விரல்நுனி வெடித்து, ஒவ்வாமையால் அவதிப்படும் பல் மருத்துவர்களும் உதவியாளர்களும் உலகமெங்கும் இருக்கிறார்கள். கையுறை போட்டிருந்தாலும் தொடாமல் வேலை செய்வதே அவர்களுக்கான விதி. அழகு நிலையத்து ஜெல் நகப்பூச்சிலும் இதே ஹேமா உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் அப்படிப்பட்ட பூச்சைத் தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே பாவிக்கலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது. வீட்டில் ஒருவருக்கொருவர் பூசி விளையாடும் தங்கைமார் இதைக் கவனியுங்கள்.

உங்கள் பற்கூழின் பாதுகாப்பு போத்தலில் இருப்பதைவிட மிஞ்சியிருக்கும் டென்டினில்தான் அதிகம் இருக்கிறது. குத்து தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். பல்லில் கறுப்புப் புள்ளி தெரிந்த வாரமே பக்கத்திலிருக்கும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளைகளையும் கையோடு அழைத்துச் செல்லுங்கள்.