நாரி வலிக்கு ஊசியா காரணம்?



“மூத்தவன்ட பிரசவத்துக்கு முதுகில ஊசி போட்ட நாளிலிருந்து நாரி உளைவு விட்டபாடில்லை!” கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு அரிது. இந்த நம்பிக்கையால் நட்டம் இரண்டு. அடுத்த பிரசவத்துக்கு ஊசி என்றாலே தாய் நடுங்குகிறாள். வலியின் உண்மைக் காரணமோ தேடப்படாமலே போகிறது.

முள்ளந்தண்டின் அமைப்பு

பிறக்கும்போது நமது முள்ளந்தண்டில் பொதுவாக 33 முள்ளென்புகள் உள்ளன. கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, நாரியில் 5. அதற்குக் கீழுள்ளவை வளர்ந்தபின் ஒன்றாக ஒட்டிவிடுகின்றன. எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டுகள் உண்டு. வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே கூழ்.

எலும்புகளின் துவாரம் வழியே இறங்கும் முண்ணாண், நாரியின் முதலாம், இரண்டாம் எலும்பளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே. சிசேரியனுக்கான ஊசி அந்தக் கீழ்ப்பகுதியில்தான் போடப்படுகிறது. குத்திய இடம் சில நாட்கள் நோகலாம். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணமல்ல என்பதே ஆய்வுகளின் முடிவு.

அப்படியென்றால் வலி எங்கிருந்து?

கர்ப்ப காலத்தில் ஹோர்மோன்கள் மூட்டுத் தசைநார்களைத் தளர்த்துகின்றன. வயிறு முன்னே தள்ள, நாரி உள்ளே வளைகிறது. வயிற்றுத் தசைகள் பலமிழக்கின்றன. அவை தேறுமுன்பே பிள்ளையை இடுப்பில் சுமக்கிறோம், குனிந்திருந்து பாலூட்டுகிறோம், திருவலையில் குந்தித் தேங்காய் துருவுகிறோம், தறியிலும் தையல் மெஷினிலும் மணிக்கணக்கில் இருக்கிறோம். ஊசி போடாமல் பிள்ளை பெற்ற தாய்க்கும் நாரி வலிப்பது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு நாரி வலி இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன நோய் என்று சுட்டிக்காட்டத்தக்க காரணம் இல்லை. புதிதாக வரும் வலி பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குள் குறைந்துவிடும். தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும். அதுவும் பலருக்குச் சத்திரசிகிச்சையின்றியே தணிகிறது.

செய்ய வேண்டியவை

படுத்தே கிடக்காதீர்கள், இயன்றவரை நடமாடுங்கள். பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். பாலூட்டும்போது முதுகுக்குத் தலையணை வையுங்கள். ஒரே இருப்பில் இருக்காமல் அடிக்கடி எழும்புங்கள். வலி தணிந்ததும் வயிறு, முதுகுத் தசைகளுக்கான பயிற்சியை இயன்மருத்துவரிடம் கேட்டுப் பழகுங்கள். ருகூஉ, சுஜூது செய்ய முடியாத நோவென்றால் வருந்தாதீர்கள். நின்று தொழ இயலாதவர் இருந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நமது மார்க்கம் இடமளித்திருக்கிறது.

தாமதிக்கக் கூடாதவை

சிறுநீர் வெளியேறாமல் அடைபடுதல் அல்லது அறியாமல் கசிதல், மலம் அடக்க முடியாமை, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். நரம்பு வேர்கள் நசுங்கினால், மணித்தியாலங்கள் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம். காய்ச்சலுடன் வலி, காரணமின்றி உடல் மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தமை, வயதான உம்மம்மா விழுந்த பின் வரும் வலி ஆகியவற்றையும் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மறைவிடத்து விடயமென்று வெட்கப்பட்டு, எண்ணெய் தடவி நாட்களைக் கடத்தாதீர்கள். ஆண் வைத்தியரிடம் கூறக் கூச்சமென்றால் பெண் வைத்தியரிடமோ தாதியிடமோ சொல்லுங்கள். உடம்பும் அல்லாஹ் தந்த அமானிதமே; அதைப் பேணுவதும் நம் கடமை.