இணைப்பு அறுந்தது எங்கே?

விண்ணப்பம் அனுப்ப நள்ளிரவு வரைதான் காலம். மணி பதினொன்று. திடீரென்று இணையம் நின்றுவிடுகிறது. நாம் செய்வது யாது? கணினியை அணைத்து அணைத்துப் போடுகிறோம், அடுத்த அறை நண்பரை எழுப்புகிறோம், விடுதியைத் திட்டுகிறோம். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பானது இது.

நம் கணினியிலிருந்து வெளியுலகுக்குச் செல்லும் வழியை நான்கு படிகளாகக் கொள்ளலாம். அருகிலுள்ளதில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதித்தால் கோளாறு அகப்பட்டுவிடும்.

முதற்படி, கண்ணால் காண்பது. கேபிள் இறுகச் செருகியிருக்கிறதா? செருகுமிடத்தில் விளக்கு எரிகிறதா? வைஃபை தவறுதலாக அணைந்து கிடக்கிறதா?

இரண்டாவது, முகவரி. விண்டோஸ் கட்டளைத் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டினால் கணினியின் ஐ.பி. முகவரி தோன்றும். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவையிடமிருந்து பதில் வரவில்லை; கணினி தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அதை வைத்துக்கொண்டு இணையத்துக்குள் செல்ல இயலாது. இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, வாயில். அதே திரையில் ‘டீஃபால்ட் கேட்வே’ என்று ஓர் எண் இருக்கும். ‘பிங்’ என்று எழுதி அருகே அவ்வெண்ணை இடுங்கள். 1983-இல் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதிய சிறு நிரல் இது. ‘இருக்கிறாயா?’ என்று கேட்டு, பதில் வர எடுக்கும் நேரத்தையும் அளந்து சொல்லும். பதில் வந்தால் வாயில் வரை வழி சீராக உள்ளது.

நான்காவது, வெளியுலகம். 8.8.8.8 என்னும் எண்ணுக்குப் பிங் செய்யுங்கள். பதில் வந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லையென்றால், பெரும்பாலும் குற்றம் டி.என்.எஸ். மீது. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது அதுவே. வாயில் பதில் சொல்லி, 8.8.8.8 சொல்லாவிட்டால், வளாகத்தின் உள்நுழைவுப் பக்கத்தில் உங்கள் அனுமதி காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். அதுவும் இல்லையெனில் கோளாறு நம் அறையில் இல்லை.

இவ்வளவும் அறிந்து பயன் என்ன? ‘இணையம் வரவில்லை’ என்று அரைகுறை இந்தியில் மன்றாடுவதைவிட, ‘வாயில் வரை பதில் வருகிறது, அதற்கப்பால் இல்லை’ என்று சொன்னால் கணினி மைய ஊழியருக்கு வேலை பாதியாகும்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். கடைசி நாளாயின், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியே விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிடுங்கள். ஆராய்ச்சி பிறகு!