தோளா, இடுப்பா?

மகனின் முதுகுப்பையைச் சுமந்து 2023இல் இமயமலை நடைப்பயணம் போன என் மனைவி, தோள் மரத்துப்போய்த் திரும்பினாள். “இனி மலையே வேண்டாம்” என்றாள். குற்றம் மலையிலா, பையிலா என்று எனக்குச் சந்தேகம்.

டேப்பை எடுத்தேன். கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அவளுக்கு 41 செ.மீ. பையோ 50 செ.மீ. முதுகுக்கானது. இடுப்புப் பட்டை எலும்பில் உட்காராமல் கீழே நழுவ, பாரமெல்லாம் தோளில் தொங்கியிருக்கிறது. தூண் இடம் மாறினால் பாலம் என்ன செய்யும்! உங்கள் வீட்டிலும் அளந்து பாருங்கள்.

பெண்களுக்கென்றே தைத்த 40 லிட்டர் பை வாங்கினோம். முதுகு குட்டை, தோள்வார்கள் நெருக்கமாக, மார்பை அழுத்தாமல் வளைந்தவை. அரிசிப் பொட்டலங்களை முதுகையொட்டி நடுவில் அடுக்கி, மொத்தம் 7 கிலோ ஏற்றினேன். புனே அருகே ஆத்கர்வாடியிலிருந்து சின்ஹகட் கோட்டைக்கு ஏறினோம். பாதி வழியில் சோதித்தேன்: தோளுக்கும் வாருக்கும் நடுவே என் விரல் சுலபமாக நுழைந்தது.

குறையும் உண்டு. பையைக் கழற்றாமல் பக்கவாட்டிலுள்ள தண்ணீர் பாட்டிலை எடுக்க முடியவில்லை. இடுப்புப் பட்டையிலுள்ள சிறு பையில் கடலைமிட்டாய் நுழைகிறது, மூக்குக்கண்ணாடிக் கூடு நுழையவில்லை. மழையுறை தனியாக வாங்க வேண்டும்.

மேலே பிட்லா-பாக்ரியும் பானைத் தயிரும் சாப்பிட்டோம். இறங்கும்போது பையைக் கேட்டேன். அவள் தரவில்லை.