ஓரறையில் மூன்று ஒளிகள்

விழா மலரைக் கையிலெடுப்போர் முதலிற் புரட்டிப் பார்ப்பன படங்களே. ஆதலின், வீட்டினுள்ளே நிறம் பிறழாது படமெடுக்கும் முறைபற்றிச் சில கூற விழைகின்றோம். இதனை நாம் கற்றுக்கொண்டது நூலிலன்று. கொழும்பிலிருந்து வருவோர்க்கு ஹற்றனுக்கு முந்திய புகையிரத நிலையமாகிய றொசல்லவில், ஒரு லயக் காம்பராவிலே.

பழைய மாணவர் ஒருவரின் தாயாரைப் படமெடுக்க அங்கே சென்றிருந்தோம். கொழுந்து பறித்து மகனைப் படிப்பித்த அம்மையார் அவர். வாயிலில் மூடுபனியின் வெளிச்சம். கூரையடியில் மஞ்சள் மின்குமிழ். எம் கையில் பிளாஷ். படத்தில் சுவரும் சுவாமி படமும் இயல்பாகவே அமைந்தன. அம்மையாரின் முகமோ நீலம் பாய்ந்து கிடந்தது. அதைக் கண்ட அவர், “இது நான் இல்லையே தம்பி, செத்த பொணம் மாதிரி இருக்கே” என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது.

பிழை எங்கே நேர்ந்தது? ஒளிக்கும் நிறமுண்டு. கொல்லன் உலையிலிட்ட இரும்பு முதலிற் சிவந்து, வெப்பம் ஏற ஏற மஞ்சளித்து, பின்னர் வெண்மை நோக்கிச் செல்வதைக் கண்டிருக்கின்றோம். இவ்வொப்புமை கொண்டே ஒளியின் நிறத்தை வெப்பநிலையால் அளக்கின்றனர். கெல்வின் பிரபுவின் (1824–1907) பெயரே அவ்வலகிற்கு இடப்பட்டது. மெழுகுவர்த்திச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின். இழை மின்குமிழ் 2700 முதல் 3000 வரை. பிளாஷ் 5500 அளவு. முகில் மூடிய வானம் 6500க்கு மேல். எண் சிறிதாயின் செம்மை, பெரிதாயின் நீலம்.

நம் கண்ணும் மூளையும் இவ்வேறுபாட்டைத் தாமே சரிசெய்து, வெள்ளை வேட்டியை எங்கும் வெள்ளையாகவே காட்டும். கமராவுக்கு அத்திறனில்லை. முன்னாளில் பகலொளிக்கொரு பிலிமும் மின்குமிழுக்கொரு பிலிமும் விற்றனர். இன்றைய கமராவில் ஒரு பொத்தானால் அதனை மாற்றலாம். எனினும் ஒரு படத்திற்கு ஓர் அமைப்பே உண்டு. நாம் கமராவை மின்குமிழுக்கென அமைத்துவிட்டு, பிளாஷை அப்படியே பாய்ச்சினோம். ஆகவே பிளாஷ் பட்ட முகம் நீலமாயிற்று. பகலொளிக்கென அமைத்திருப்பின் முகம் தப்பும்; வீடோ செம்மஞ்சளாய் எரியும்.

பொகவந்தலாவைத் தேவாலய வளவில் உறங்கும் புகழ்பெற்ற படக்கலைஞர் யூலியா மாகிரற் கமரனுக்கு (1815–1879) இவ்விடர் இருந்ததில்லை. அவர் இயற்கை ஒளியையே நம்பினார்; அவர் படங்களில் நிறப்பேதமும் இல்லை. நிறப்படம் வந்த பின்னரே ஒளிகளின் பூசல் வெளிப்பட்டது.

தீர்வு எளிது. அறையின் விளக்கை மாற்ற இயலாதாயின், பிளாஷை அவ்விளக்கின் நிறத்திற்குக் கொணர்தல் வேண்டும். அதன் முகப்பில் செம்மஞ்சள் ஜெல் தாளைக் கட்டி, கமராவை மின்குமிழுக்கென அமைத்தால் இரண்டும் ஒத்துப்போம். முழு அடர்த்தியுள்ள தாள் ஒளியில் ஏறக்குறையப் பாதியை விழுங்கும். அதற்கேற்பப் பிளாஷின் வலுவைக் கூட்டுக. பழைய குழல்விளக்காயின் பச்சைத்தாள் வேண்டும். இக்காலத்து வெள்ளை எல்.ஈ.டி. குமிழ்கள் பலவும் 6500 கெல்வின் அளவின; அவற்றிற்குச் செம்மஞ்சள் தாள் ஆகாது. ஆதலின் படமெடுக்குமுன் விளக்கு யாதென அறிக.

நிறம் ஒத்தபின் அளவும் ஒக்கவேண்டும். பிளாஷ் கண்ணிமைப்பினும் விரைவாக மின்னி மறைவது. ஷட்டர் வேகம் அதனைத் தீண்டாது. அறையொளியோ ஷட்டர் திறந்திருக்குமளவும் சேரும். 1/200 செக்கனில் வீடு இருண்டு முகம் மட்டும் துலங்கும். 1/30 செக்கனில் வீட்டின் வெளிச்சமும் உடன்வரும். அப்போது கமராவும் ஆளும் அசையாதிருத்தல் வேண்டும். இன்னுமொன்று: நீலமோ பச்சையோ பூசிய சுவரிற் பட்டு மீளும் பிளாஷ் அந்நிறத்தையே முகத்தில் அப்பும். வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து, அதிற் படச்செய்க.

எஞ்சியது வாயிலின் பனியொளி. அதனை அடக்க வழியின்றி அந்திவரை காத்திருந்தோம். வெளியே மலை கருநீலமாக, உள்ளே வீடு மஞ்சளாக, செம்மஞ்சள் தாள் கட்டிய பிளாஷை வேட்டியில் மோதவிட்டு மறுபடியும் எடுத்தோம். அம்மையார் படத்தை நெடுநேரம் பார்த்து, “இப்ப சரி” என்றார். அப்படம் இன்று அவ்வீட்டுச் சுவரில் தொங்குகின்றது.

இம்மலைநாட்டில் எத்தனையோ முதியோர்க்கு அடையாள அட்டையிலுள்ள படமன்றி வேறு படமில்லை. கமரா பொருந்திய தொலைபேசி இன்று மாணவர் கையிலும் உண்டு. விடுமுறைக்கு வீடு செல்வோர், தம் பெரியோரை அவர்தம் வீட்டு வெளிச்சத்திலேயே, அவர்தம் நிறத்திலேயே எடுத்து வைப்பாராக.