கல் உத்திரத்தின் உள்ளே: பழைய பள்ளிவாசல்களில் தூண்கள் நெருங்கி நிற்பது ஏன்?

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் பழைய கற்பள்ளிவாசல்களுக்குள் செல்வோரின் கண்ணில் முதலில் படுவன தூண்களே. வடநாட்டுப் பள்ளிவாசல்களுக்கு அடையாளமான வில்வளைவுகளும் பெருங் குவிமாடங்களும் இவற்றின் தொழுகைக் கூடத்தில் இல்லை. கருங்கல் தூண், அதன் தலையில் போதிகை, போதிகையின்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் கற்பலகைகள் பரப்பிய தட்டையான கூரை என்பதே இவற்றின் அமைப்பு. கோயில் மண்டபங்களை எழுப்பிய அதே கல்தச்சு மரபு, உருவச் சிற்பங்களை விலக்கிப் பூவேலையும் கொடிவேலையும் கொண்டு இறையில்லங்களையும் எழுப்பியது. மெஹர்தாத் ஷொகூஹி இக்கட்டடங்களை அளந்து, வரைபடங்களுடன் எழுதிய ஆங்கில நூல் 2003இல் வெளிவந்தது. இவற்றின் அழகைப் பற்றி ஓரளவு எழுதப்பட்டுள்ளது. இவை எவ்வாறு நிற்கின்றன என்பதைப் பற்றித் தமிழில் நாம் அதிகம் பேசியதில்லை.

தூண்கள் நெருங்கி நிற்பது தொழுவோருக்கு ஒரு குறையாகவே தோன்றுகிறது. ஸஃப்பு இடையில் அறுபடுகிறது. தூண்களுக்கிடையே ஸஃப்பு அமைப்பது பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனி விவாதமே உண்டு. ஜும்ஆவுக்கு இடம் போதாத ஊர்களில் புதுப்பித்தல் பேச்சு எழும்போது, நடுவிலுள்ள இரண்டு தூண்களையாவது எடுத்துவிடலாமே என்ற யோசனையும் எழுவது இயல்பே. அந்த யோசனைக்கு மறுமொழி கூறுமுன், அத்தூண் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதை அறிய வேண்டும். அதனை அறிய உத்திரத்தின் உள்ளே புகுந்து பார்க்க வேண்டும்.

கணக்குக்காக ஓர் உத்திரத்தை எடுத்துக்கொள்வோம். தூணுக்குத் தூண் 2.5 மீட்டர் இடைவெளி. உத்திரத்தின் அகலம் 30 சென்டிமீட்டர், ஆழமும் அதுவே. அடுத்தடுத்த உத்திர வரிசைகளுக்கு இடையேயும் 2.5 மீட்டர். கூரைக் கற்பலகையின் கனம் 15 சென்டிமீட்டர். அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்த தளம் மேலும் 15 சென்டிமீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ, சுண்ணாம்புத் தளம் 1,900 கிலோ என்று கொண்டால், உத்திரத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அதன் சொந்த எடையும் சேர்ந்து சற்றேறக்குறைய 2,000 கிலோ பாரம் அமர்கிறது. ஆக மொத்தம் 5 டன். இருபுறத் தூண்களும் ஆளுக்கு 2,500 கிலோவைத் தாங்குகின்றன. இதுவரை எவருக்கும் ஐயமிராது.

இப்போது கற்பனையாக அந்த உத்திரத்தை ஓரிடத்தில் வெட்டுவோம். இடப்பக்கத் தூணிலிருந்து 1 மீட்டர் தள்ளி வெட்டினோம் என்க. வெட்டிய இடப்பகுதியின்மேல் இரண்டு புறவிசைகள் செயல்படுகின்றன: தூண் மேல்நோக்கித் தரும் 2,500 கிலோ; கூரை கீழ்நோக்கி அழுத்தும் 2,000 கிலோ. எஞ்சும் 500 கிலோவை வெட்டுமுகத்தில் உள்ள கல்லே எதிர்த்து நிற்க வேண்டும். இதனை வெட்டு விசை என்பர். ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. மேலே தள்ளும் விசையும் கீழே அழுத்தும் விசையும் ஒரே கோட்டில் இல்லாமையால், அவை அத்துண்டைத் திருப்பவும் முயல்கின்றன. அந்தத் திருப்பு முயற்சிக்கு வளைவுத் திருப்புத்திறன் என்று பெயர். தூணின் விசை 1 மீட்டர் தொலைவில் செயல்படுவதால் 2,500; பரவிக் கிடக்கும் 2,000 கிலோ, தன் நடுப்புள்ளியில், அதாவது அரை மீட்டர் தொலைவில் செயல்படுவதாகக் கொண்டால் 1,000. இரண்டின் வேறுபாடு 1,500 கிலோ மீட்டர்.

பரவிய பாரத்தை அதன் நடுப்புள்ளியில் குவிந்த ஒற்றை எடையாகக் கொள்ளலாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டோம். இது தானே விளங்கும் செய்தி என்று இன்றைய மாணவர் நினைக்கக்கூடும். கைகள் சமமற்ற நிறைகோலைப் பற்றி எழுதிய 'கிதாபுல் கரஸ்தூன்' என்னும் நூலில் தாபித் இப்னு குர்ரா இதனைத் தேற்றமாக எடுத்து நிறுவினார். ஹர்ரானில் பிறந்து பக்தாதில் பணியாற்றி 901இல் மறைந்தவர் அவர். ஸாபியீன்களைச் சேர்ந்த அவர் முஸ்லிம் அல்லர். எனினும் அவர் எழுதிய மொழியும் அவரை வளர்த்த அறிவுச்சூழலும் எவருடையவை என்பதில் மயக்கமில்லை. 12ஆம் நூற்றாண்டில் கிரிமோனாவைச் சேர்ந்த ஜெரார்து இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். நூலின் பொருள் நிறைகோலே, உத்திரத்தின் முறிவன்று. ஆயினும் இன்று எந்தப் பொறியாளர் உத்திரக் கணக்குப் போட்டாலும் அந்தப் படியின்மேல் கால் வைத்தே ஏறுகிறார்.

வெட்டும் இடத்தை நகர்த்திக்கொண்டே போனால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. தூணின் விளிம்பில் வெட்டு விசை 2,500 கிலோ, திருப்புத்திறன் சுழி. நடுவில் வெட்டு விசை சுழி, திருப்புத்திறனோ ஏறத்தாழ 1,560 கிலோ மீட்டர், அதுவே உச்சம். கூரையின் பாரம் எங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தும் உத்திரத்தின் உள்ளே பாடு ஒரே சீராக இல்லை. நடுப்பகுதியே அதிகம் வதைபடுகிறது.

இந்தத் திருப்பலைக் கல் எவ்வாறு எதிர்க்கிறது? வளையும் உத்திரத்தின் மேல்பாதி நெருக்குண்டு சுருங்குகிறது. கீழ்ப்பாதி இழுபட்டு நீள்கிறது. நடுவே சுருங்கவும் நீளவும் செய்யாத ஒரு தளம் உண்டு. அதனை நடுநிலைத் தளம் என்பர். அதிலிருந்து விலக விலகத் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏற்கும் விசை, சீராக ஏறி, மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் உச்சமடைகிறது. மேல்பாதியின் அமுக்கம் முழுவதையும் ஒரு விசையாகவும், கீழ்ப்பாதியின் இழுப்பு முழுவதையும் மற்றொரு விசையாகவும் தொகுத்தால், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு உத்திர ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நம் உத்திரத்தில் 20 சென்டிமீட்டர். 1,560ஐ 0.2 மீட்டரால் வகுத்தால் 7,800 கிலோ. கூரையின் மொத்த எடையே 5 டன்தான். அது கல்லின் கீழ்ப்பாதியைக் கிடைமட்டமாக இழுப்பதோ ஏறக்குறைய 8 டன் விசையில்! கீழ்ப்பாதியின் பரப்பு 450 சதுர சென்டிமீட்டர். ஆகவே சராசரித் தகைவு 17 கிலோவுக்குச் சற்று மேல். கீழ்விளிம்பில் அதன் இருமடங்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 35 கிலோ.

மேல்விளிம்பின் அமுக்கமும் இதே 35தான். கருங்கல்லுக்கு அது ஒரு பொருட்டன்று; ஆயிரம் கிலோவுக்கு மேலும் அது அமுக்கத்தைத் தாங்கும். இழுப்பில்தான் அதன் நலிவு. வளைவினால் கல் முறியும் தகைவு கல்லுக்குக் கல் மாறும். ஏறத்தாழ 100 கிலோ என்பது கணக்குக்கு ஏற்ற அளவு. வெளியே தெரியாத ஒரு கீறலோ, குறுக்கே ஓடும் ஒரு நரம்போ அதனையும் குறைத்துவிடும். ஆகவே 35க்கும் 100க்கும் உள்ள இடைவெளியைத் தாராளம் என்று எவரும் கருத வேண்டாம்.

இந்த நூறு கிலோவை வைத்துக்கொண்டு தூணைப் பார்ப்போம். ஒரு தூணை எடுத்துவிட்டு 2.5 மீட்டரை 5 மீட்டராக்கினால் பாரம் இருமடங்காகும் என்றே பலரும் எண்ணுவர். திருப்புத்திறன் நீளத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. இருமடங்கு நீளத்துக்கு நான்மடங்கு. அதே பருமனுள்ள ஒரே கல்லை 5 மீட்டருக்கு வைத்தாலும் கீழ்விளிம்பின் தகைவு 139 கிலோ ஆகிவிடும், கல் முறியும். உண்மையில் அந்த நிலைகூட வாய்ப்பதில்லை. இக்கட்டடங்களில் ஒவ்வோர் உத்திரமும் தூணுக்குத் தூண் தனிக்கல். இரண்டு கற்கள் சந்திக்கும் மூட்டு தூணின் தலைமேல்தான் இருக்கிறது. தூணை எடுத்தால் இருபுறத்து உத்திரங்களும் ஒரு முனையில் ஆதாரமற்றுப் போகும். தூணின் நெருக்கம் கல்தச்சரின் கஞ்சத்தனமோ கற்பனைக் குறைவோ அன்று. அது கல்லின் இழுவலிமை விதித்த எல்லை.

பழைய தச்சர்கள் இச்சமன்பாடுகளை எழுதியவர்கள் அல்லர். எனினும் போதிகையைக் கவனியுங்கள். தூணின் இருபுறமும் அது 30 சென்டிமீட்டர் நீண்டால், உத்திரத்தின் தாங்கலற்ற நீளம் 2.5 மீட்டரிலிருந்து 1.9 ஆகக் குறைகிறது; திருப்புத்திறனோ நூற்றுக்கு 42 பங்கு குறைந்துவிடுகிறது. அலங்காரம் என்று நாம் கடந்துபோகும் உறுப்பு செய்யும் வேலை இது. போதிகையின் நீட்டம் ஒருபுறம் மட்டுமே பிடிப்புள்ளது. ஆதலால் அதில் இழுப்பு மேல்புறத்தில் விழுகிறது, அதுவும் தூணை ஒட்டிய வேர்ப்பகுதியிலேயே மிகுதி. வேரில் தடித்து நுனியில் மெலியும் அதன் வடிவம் இதற்குப் பொருந்தி நிற்கிறது. நம் வீடுகளின் சன்ஷேடுக்கும் இதே நியாயம்தான். அதன் கம்பியைக் கீழே வைத்துக் கான்கிரீட் போடும் கொத்தனார், இழுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை என்றே பொருள்.

இந்த உள்விசையை முதலில் கணக்கில் கொண்டுவர முயன்ற நூல் கலிலியோவினுடையது. வீட்டுக்காவலில் இருந்தபடி அவர் எழுதி, 1638இல் லெய்டன் நகரில் வெளியான 'இரு புதிய அறிவியல்கள்' அது. சுவரிலிருந்து நீளும் உத்திரம் அகலத்துக்கு நேர்விகிதத்திலும் ஆழத்தின் வர்க்க விகிதத்திலும் வலிமை பெறும் என்று அவர் சரியாகக் கண்டார். ஆனால் வெட்டுமுகம் முழுவதும் ஒரே சீராக இழுபடுவதாகக் கொண்டதனால், வலிமையை மும்மடங்கு மிகைப்படுத்திவிட்டார். 1713இல் பரான், 1773இல் கூலோம், 1826இல் நவியே எனப் பலர் கைபட்டே கணக்கு இன்றைய வடிவத்தை அடைந்தது. உத்திரத்தை நெட்டுக்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்று தச்சர்கள் அறிந்திருந்ததன் காரணமும் அந்த வர்க்கம்தான்: 20க்கு 40 அளவுள்ள கல், படுக்கையாகக் கிடப்பதைவிட நிமிர்ந்து நிற்கையில் இருமடங்கு தாங்கும்.

அதே நூலில் கலிலியோ ஒரு சலவைக்கல் தூணின் கதையைச் சொல்கிறார். இரு முனைகளிலும் தாங்கல் கொடுத்துத் தரையில் கிடத்தியிருந்த தூண் அது. நடுவில் முறிந்துவிடுமோ என்று அஞ்சி ஒருவர் மூன்றாவது தாங்கலொன்றை நடுவே வைக்கச் சொன்னார். அனைவரும் அதை நல்ல யோசனை என்றனர். சில மாதங்களில் தூண் சரியாக அந்த நடுத்தாங்கலின்மேலேயே பிளந்தது. முனைத்தாங்கலொன்று உளுத்துத் தாழ்ந்துபோக, தூணின் பாதி அந்தரத்தில் தொங்கியது. இழுப்பு கீழ்ப்புறத்திலிருந்து மேல்புறத்துக்கு இடம் மாறிவிட்டது. பழைய பள்ளிகளில் விரிசல் கண்டவுடன் இரும்புக் குழாய் முட்டுகளை இறுக்கித் திருகி நிறுத்துவோர் இக்கதையை அறிந்திருக்க வேண்டும். முட்டு, இருக்கும் பாரத்தை ஏந்தினால் போதும். உத்திரத்தை மேலே தூக்க முயலக்கூடாது.

தூணை எடுப்பது அளவுக்குத் துணிகரமில்லாத, ஆனால் நாள்தோறும் நடக்கும் தவறுகளும் உண்டு. மழைநீர் ஒழுகும்போது பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதிதாகப் பத்து சென்டிமீட்டர் தளம் போடுகின்றனர்; நம் உத்திரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் 475 கிலோ கூடுகிறது. ஏறத்தாழக் கால்பங்கு அதிகப் பாரம்! மின்விசிறிக் கொக்கிக்காக உத்திரத்தின் அடிப்புறத்தில், அதுவும் அழகுக்காகச் சரியாக நடுவில், துளையிடுகின்றனர். திருப்புத்திறன் உச்சமாயிருக்கும் இடத்தில், இழுப்பு உச்சமாயிருக்கும் விளிம்பில், துளையின் ஓரத்தில் தகைவு மேலும் குவிகிறது. உத்திரம் முழுவதிலும் துளையிடத் தகாத ஓர் இடத்தைத் தேடச் சொன்னால் அதைவிடப் பொருத்தமானது கிடையாது. தூணைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டி அதிலிருந்து விசிறியைத் தாங்கலாம். கல்லைத் தொடவே வேண்டியதில்லை.

அகன்ற இடைவெளியே வேண்டுமென்றால் வழி இல்லாமலில்லை. பாரம் முழுவதையும் அமுக்கமாக மாற்றிப் பக்கவாட்டில் கடத்துவது வில்வளைவின் வழி. 1656இல் முடிந்த பீஜப்பூரின் கோல் கும்பஸ் ஏறத்தாழ 38 மீட்டர் விட்டத்தை நடுவில் ஒரு தூணுமின்றிக் கவிந்திருப்பது அவ்வாறே. இழுப்பை எஃகுக் கம்பியிடம் ஒப்படைப்பது கான்கிரீட்டின் வழி. இவ்விரண்டும் புதிய கட்டடத்துக்கு உரியவை. கூடுதல் தொழுகையிடத்தைப் பழைய கற்கூடத்துக்கு வெளியே, அதன் தூண்களின்மேல் எதையும் ஏற்றாமல், தனி அடித்தளத்தில் எழுப்புவதே முறை என்பது நமது கருத்து.

விரிசல் கண்டும் பல ஆண்டுகள் விழாமல் நிற்கும் கல் உத்திரங்கள் உண்டு. அதைக் காட்டி, ஒன்றும் ஆகாது என்பாரும் உண்டு. நடுவில் முறிந்த உத்திரத்தின் இரு துண்டுகளும் மேல்விளிம்பில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, ஒரு தட்டையான வில்வளைவைப் போல் நிற்கின்றன என்பதே அதன் விளக்கம். அப்போது அவை இருபுறமும் தள்ளுகின்றன. அத்தள்ளலை அண்டை உத்திரங்களும் சுவர்களும் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே முறிந்த உத்திரத்தைத் தொடாமல், அதற்கு அப்பாலுள்ள சுவரை வாசலுக்காக இடித்தாலும் போதும், அது விழுந்துவிடும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்து வைத்து ஒட்டி, தேதியை அதனருகே குறித்து வைப்பது பொறியாளர்களின் பழைய முறை. விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்த அன்றே அந்தப் பகுதியில் தொழுகையை நிறுத்தி, கற்கட்டடம் அறிந்த பொறியாளர் ஒருவரை அழைக்க வேண்டும்.