காகிதத்தில் ஓடும் வண்டி

பொங்கல் விழாவுக்குக் கரும்புக் கட்டும் அண்டா குண்டாவும் ஏற்றிக்கொண்டு வரும் அந்தச் சந்தன நிற வண்டியைச் சங்க அன்பர்கள் எல்லோரும் அறிவீர்கள். "மிலிட்டரி வண்டியாமே? எங்கே பிடித்தீர்கள்? எனக்கும் ஒன்று கிடைக்குமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. 2019இல் தோனி ஒரு ஜோங்கா வாங்கிய செய்தி வந்த பிறகு கேள்விகள் இரட்டிப்பாகிவிட்டன. ஆளுக்கு ஆள் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஜோங்கா என்பது ஜப்பானியப் பெயர் போல ஒலித்தாலும் நம் ஜபல்பூரின் பெயர்தான். 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் காரியேஜ் அசெம்பிளி' என்பதன் சுருக்கம் அது. மூலம் மட்டும் ஜப்பான். நிசான் நிறுவனத்தின் பேட்ரோல் வண்டி. உரிமம் பெற்று, இங்குள்ள வாகனத் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகச் செய்தார்கள். ஆறு சிலிண்டர், ஏறக்குறைய நான்கு லிட்டர் பெட்ரோல் இஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. 1999உடன் உற்பத்தி நின்றது.

சேவை முடிந்த வண்டிகளை ராணுவம் ஏலத்தில் கழிக்கும். 'உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்திலேயே' என்பதுதான் நிபந்தனை. இஞ்சின் இல்லையே என்று பிறகு போய் முறையிட முடியாது. பெரும்பாலும் பல வண்டிகளை ஒரே லாட்டாகப் போடுவார்கள். அதனால் ஏலம் எடுப்பவர்கள் வியாபாரிகள். நம்மைப் போன்றவர்கள் அவர்களிடம் போய் வாங்க வேண்டியதுதான்.

2003இல் நானும் அப்படித்தான் போனேன். வரிசையாக நின்ற வண்டிகளில் ஒன்று சாவியைத் திருப்பியதும் உறுமியது. நம்பர் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியும் அடுத்து 86 என்ற எண்ணும் இருந்தன. அம்பு ராணுவத்தின் அடையாளம். அடுத்த இரண்டு இலக்கங்கள் படையில் சேர்ந்த ஆண்டு. என் கல்யாண வருஷமும் அதுதான் என்பதால் மனம் பறிகொடுத்துவிட்டேன். ஊரில் மனை வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து 70,000 ரூபாயை எண்ணிக் கொடுத்து, ஓர் உறையில் காகிதங்களை வாங்கிக்கொண்டு வண்டியோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். இஞ்சினைத் தொடுவார் என்று பார்த்தால், ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கேட்டார். சேஸிஸ் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் அச்சாகத் தாளில் எழுந்தது. அதை உறையிலிருந்த சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நீங்க வாங்கின வண்டி வேற. வாங்கின காகிதம் வேற."

கடைசி மூன்று இலக்கங்கள் பொருந்தவில்லை. அன்று இரவு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

வியாபாரியிடம் ஓடினேன். அவர் பதறவில்லை. "இதுக்கா இவ்வளவு கவலை? 500 ரூபாய் கொடுங்க, காகிதத்தில் இருக்கும் நம்பரையே சேஸிஸில் அடிச்சுத் தர்றேன். யாருக்கும் தெரியாது" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க அதைப் பற்றி யோசித்தேன். போட்ட பணம் அப்படி. என் மனைவிதான், "ஏங்க, நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா நம்ம பையன் முன்னாடி என்ன பதில் சொல்வீங்க?" என்றாள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

என் காகிதத்துக்கு உரிய வண்டி அதே இடத்தில், ஒரு மூலையில், செடி முளைத்துக் கிடந்தது. அண்ணாச்சி சேஸிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் சரிபார்த்தார். இரண்டும் பொருந்தின. உறுமும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊமை வண்டியை இழுத்துக்கொண்டு வந்தோம். தெருவே சிரித்தது.

"நோயாளிதான் தம்பி. ஆனா பேரும் ஊரும் உள்ள நோயாளி" என்றார் அண்ணாச்சி.

பழுது பார்ப்பதில் அவர் கற்பித்த முதல் பாடம்: பிரேக் முதலில், இஞ்சின் கடைசியில். ஓடிய வண்டியைவிட நின்ற வண்டிக்கே நோய் அதிகம். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி உள்ளே துரு ஏற்றியிருந்தது. ரப்பர்கள் எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன. அத்தனையையும் மாற்றினோம். பெட்ரோல் டாங்கில் சங்கிலித் துண்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தோம். ஆறு சிலிண்டர்களில் இரண்டில் அழுத்தமே இல்லை. வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, ரிங்குகளை மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை என்பதால் ஏழு மாதம் ஆயிற்று. செலவு 42,000 ரூபாய். அது கிளம்பிய நாளில் அண்ணாச்சி ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, என் மகனைத்தான் முதலில் ஏற்றிக்கொண்டார்.

மகனுக்கு வண்டி பச்சையாகவே இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் ராணுவம் தவிர மற்றவர்களின் வண்டிக்கு அந்த ஆலிவ் பச்சை கூடாது. 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி அதைத் தடுக்கிறது. இரண்டு நாள் பேசாமல் இருந்தான். பிறகு சந்தன நிறத்தைத் தேர்ந்தெடுத்தவனும் அவன்தான்.

ராணுவத்தில் இருக்கும்வரை வண்டிக்கு ஆர்.டி.ஓ. பதிவு கிடையாது. வெளியே வந்ததும் புதிய வண்டியைப் போலவே பதிவு செய்ய வேண்டும். படிவம் 20இல் விண்ணப்பம், கூடவே ராணுவ அதிகாரிகள் தந்த அசல் விற்பனைச் சான்றிதழ், அதாவது படிவம் 21. நகல் செல்லாது. 2004இல் எனக்குப் பதிவு கிடைத்தது. 15 ஆண்டுகள் கழித்து 2019இல் தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தேன், 2024இல் மறுபடியும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது.

லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்தான் ஓடும். டீசல் இஞ்சின் மாட்டிவிடுங்கள் என்று யோசனை சொல்லாதவர்கள் இல்லை. அனுமதியின்றி மாற்றுவது சட்டப்படி குற்றம். தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே விழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கிறேன்.

வாங்க விரும்பும் அன்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: இஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துப் போங்கள். இஞ்சினை எந்த நல்ல ஃபிட்டரும் சரிசெய்துவிடுவார். பொய்யான எண்ணைச் சரிசெய்ய யாராலும் முடியாது.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் தேய்த்த அந்தப் பென்சில் தாள், பதிவுப் புத்தகத்தோடு அதே உறையில் பத்திரமாக இருக்கிறது.